சாவுக்கு வைத்திருந்த விடுப்பு

காலையில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். "அப்புச்சி போயிட்டாரு கண்ணு. அடிச்சுப் புடிச்சு வராத. சாப்பிட்டுட்டு மெதுவாக் கெளம்பி வா. அவரே சொல்லி வெச்சிருக்காரு." தன் சாவுச் செய்தியோடு சேர்த்துச் சாப்பிடவும் சொல்லி அனுப்புகிற ஆள் எங்கள் அப்புச்சியாகத்தான் இருக்க முடியும். அப்புச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அப்பா. உங்களில் பலருக்கு அவர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து ஓட்டிய மலைவண்டி ரங்கண்ணன்.

அந்த வண்டியில் போனவர்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது நான்காவது வளைவுக்குள் யாராவது ஒருவருக்குக் குமட்டிவிடும். சேலை நனைந்து, கூட்டத்தின் முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் பெண்ணை அப்புச்சி கண்ணாடியில் பார்த்துவிடுவார். வண்டியை ஓரங்கட்டி, "இஞ்சின் சூடாயிருச்சுங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். எல்லாரும் இறங்குவார்கள். அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டு வரும்வரை இஞ்சின் ஆறாது. 'ரங்கண்ணன் ஓட்டுற வண்டி மட்டும் எப்பவும் சூடாகுது' என்று பணிமனையில் கேலி செய்வார்களாம். அவர் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை.

இந்த ஆண்டு பங்குனியில் டாக்டர், சிறுநீரகம் இனி அதிக நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார். அப்புச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் கோபப்படுத்தியது வேறொன்று. என் மாமா, அதாவது அவருடைய ஒரே மகன், மஸ்கட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் விடுப்பு. தன் அம்மா இறந்தபோது எல்லாம் முடிந்த பிறகுதான் அவரால் வந்து சேர முடிந்தது. அந்த வருத்தத்தில், அடுத்து வந்த விடுப்பை அவர் எடுக்கவே இல்லை. கோயில் நோம்பித் திருவிழாவுக்கு வரவில்லை, என் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் வரவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் உடனே கிளம்ப வேண்டும் என்று அதைக் கையில் வைத்திருந்தார். அம்மா ஒரு நாள் வாய் தவறி இதை அப்புச்சியிடம் சொல்லிவிட்டார்.

"போனைப் போடு" என்றார் அப்புச்சி.

மாமா எடுத்ததும் அப்புச்சி நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏங்கண்ணு, நான் செத்தா வர்றதுக்கு லீவு வெச்சிருக்கறயாமா?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புச்சி விடவில்லை.

"எழவு ஊட்டுக்கு வர்றவங்க சொல்லிக்காமப் போறதுதான் வழக்கம். நீ எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போகோணும். அந்த லீவை இப்பப் போட்டுட்டு வா. நான் போனதுக்கப்புறம் வர வேண்டாம்."

மாமா மே மாதம் வந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நாங்களும் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தோம். அப்புச்சியின் காரமடை வீடு நிறைந்துவிட்டது. அப்பாவும் மகனும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். இருவரும் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "நல்லா ஓடிட்டிருந்ததுங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். குடத்தில் தண்ணீர் சுமந்தது நாங்கள்தான். ஒரு பகல் முழுக்க அந்த இருவரும் பேசியதெல்லாம் ஸ்பேனர், வாஷர், கிரீஸ். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், அப்புச்சி கையில் ஒட்டியிருந்த கிரீஸை மாமா ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வேன் பிடித்துக் கொடுமுடிக்குப் போய் ஆற்றில் குளித்தோம். பிறகு கோத்தகிரிக்கு. முன் சீட்டை அப்புச்சி யாருக்கும் விட்டுத்தரவில்லை. இறங்கி வரும்போது ஒரு வளைவில் எதிரே பேருந்து ஏறி வந்தது. எங்கள் டிரைவர் நுழைந்துவிடப் பார்த்தார். "தம்பி, ஏறுற வண்டிக்கு நாமதானுங்க நிக்கோணும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் தடுப்பதற்குள் அப்புச்சி இறங்கிவிட்டார். வீங்கிய கால்களோடு வேனுக்குப் பின்னால் நின்று கை காட்டிப் பின்னுக்கு எடுக்கவைத்தார். கடந்துபோன பேருந்தின் இளம் டிரைவருக்கு இவர் யாரென்று தெரியாது. ஆனாலும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அன்று மாலை முழுக்க அப்புச்சி அதையே பேசிக்கொண்டிருந்தார். "பாத்தீங்ளா, கையைத் தூக்குனானே!"

ஜூனில் மாமா கிளம்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அப்புச்சியும் விமான நிலையத்துக்கு வந்தார். வாசலில் மாமா பெட்டிப் பிடியை விடாமல் நின்றார். "மறுபடி எப்படியாச்சும் வந்தர்றனுங்கப்பா" என்றார்.

"வேண்டாம் கண்ணு. நீ வந்த, நான் பாத்துப்போட்டேன். அப்புறம் நீ வந்தா எனக்கு என்ன தெரியப் போகுது? செரி, சொல்லு."

"போயிட்டு வாரனுங்கப்பா."

"செரி கண்ணு. நல்லபடியாப் போ."

இருவருக்கும் அதுதான் கடைசி என்று தெரியும். மாமா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். திரும்பும் வழியில் அவிநாசி சாலையில் காரை நிறுத்தச் சொன்னார் அப்புச்சி. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "இஞ்சின் சூடாயிருச்சு அம்மணி" என்றார். ஆறும்வரை காத்திருந்தோம்.

ஆவணியில் அவர் போனார். மாமா காலையிலேயே அம்மாவை அழைத்து, "வேலை போனாப் போவுது, நான் வந்தர்றேங்க்கா" என்று அழுதார். அம்மாவும் அழுதுகொண்டேதான் பதில் சொன்னார்: "வேண்டாம் சாமி. நீதான் சொல்லிட்டுப் போயிட்டியே." கொள்ளியை அம்மா வைத்தார். கூட்டத்தில் ஒருவர் மிகவும் மரியாதையாகவே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, பெத்தவருக்குக் கொள்ளி வெக்கக்கூடத் தம்பி வர்லீங்ளா?" ஊரில் குத்திப் பேசுவதுகூட 'ங்க' போட்டுத்தான். அம்மா நிமிர்ந்து, "அவன் வந்துட்டுப் போயிட்டானுங்க. நீங்கதான் இப்ப வந்திருக்கறீங்க" என்றார். பந்தலில் இருந்தவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

அப்புச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய சட்டையோ கைக்கடிகாரமோ அல்ல. போன வெள்ளிக்கிழமை, பண்டிகையோ விசேஷமோ எதுவும் இல்லாத ஒரு நாளில், இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் இறங்கினேன். பையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன கண்ணு, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்மா. அதனாலதான் வந்தேன்."