பூ போகாத பதினோரு வெள்ளிக்கிழமைகள்

அம்மனின் பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம். நான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை சரோஜா. வெள்ளிதோறும் நம் கோயில் மண்டபத்தில் மாலை கட்டும் ஐந்து பேரில் ஒருத்தி. எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து மழைக்காலத்தில் பதினோரு வெள்ளிக்கிழமை என் கை தொட்ட பூ அம்மனுக்குப் போகவில்லை. எனக்கு மாதவிலக்கு நிற்கவில்லை. ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்வேன். மறுநாளே திரும்பவும் வரும். கோயிலுக்குப் போக முடியாது, வீட்டில் விளக்கேற்றவும் முடியாது. அது நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தீட்டு என்றுதான் நினைத்தேன். தீட்டுக்கு யாராவது மருந்து சாப்பிடுவார்களா? நாள்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன். கறுப்பு லுங்கி இரண்டை மாற்றி மாற்றிக் கட்டினேன். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். லான்மடா பேட்டையில் பருப்புக் கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரிடமும் அதே முதுகுவலியைத்தான் சொன்னேன். பாவம் மனிதர், வாரத்துக்கு ஒரு தைல டப்பா வாங்கி வந்தார்.

இரத்தம் குறையக் குறைய உலகம் தள்ளிப் போய்விட்டது. பக்கத்தில் ஓடும் ரயில் தண்ணீருக்கு அடியில் ஓடுவதுபோல் கேட்டது. மழை வெளியே பெய்கிறதா, என் காதுக்குள் இரைகிறதா என்று தெரியாது. அடுப்படியில் நின்றுகொண்டே கனவு காண்பேன். சோறு பொங்கி வழியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்விடுவேன். கோயிலுக்கு எதிர்ச்சாரியில் குடையோடு நிற்பேன். வாசல் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். "அம்மா, நான் உள்ளே வர வழியில்லை. நீ வா." அது ஒன்றுதான் என் பிரார்த்தனை.

பதினோராவது வெள்ளிக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. மத்தியானம் பாயில் படுத்தபடி கண் செருகியது. ஈரப் புடவையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். முகம் தெரியவில்லை, மூக்குத்தி மட்டும் தெரிந்தது. வராதே, நான் தீட்டு என்று சொல்ல நினைத்தேன். வாய் திறக்கவில்லை. அவள் என் பாயிலேயே உட்கார்ந்து, "ஏண்டி, பூ வரல?" என்று கேட்டாள். வீடெல்லாம் மல்லிகை மணத்தது.

விழித்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். எங்கள் ஐவரில் மூத்தவர், காமாட்சியக்கா. முழங்கால் வரைக்கும் மழைத் தண்ணீர்.

"ஏண்டி சரோஜா, பூக் கட்ட வரல?"

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "தள்ளி நில்லுங்கக்கா. நான் தூரம்."

"எத்தன நாளா?"

"ரெண்டரை மாசமா."

அக்கா தள்ளி நிற்கவில்லை. வந்து என் பாயில் உட்கார்ந்தார். "அடி பைத்தியமே! இது தீட்டு இல்லடி. கர்ப்பப்பையில கட்டியா இருக்கும். எனக்கும் இப்படித்தான் போச்சு."

மறுநாளே ஆள் மிதிக்கும் சைக்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் கட்டிகள் தெரிந்தன. டாக்டர் ஒரு பர்மியப் பெண். என்னை அக்கா முறை வைத்து 'அமா' என்றுதான் கூப்பிட்டார். "பயப்படாதீங்க, அமா. இது ரொம்பப் பெண்களுக்கு வர்றது. பல பேருக்கு இருக்கிறதே தெரியாது. புற்றா இருக்கிறது அபூர்வம்" என்றார். சிறியதாக இருந்து தொந்தரவும் இல்லையென்றால் சும்மா விட்டுக் கவனித்து வரலாமாம். உதிரம் குறைய மாத்திரை உண்டாம். பிள்ளை வேண்டுமென்றால் கட்டியை மட்டும் எடுப்பார்களாம். எனக்கோ பல கட்டிகள், உடம்பில் இரத்தமும் இல்லை. இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாகிவிட்டது. கர்ப்பப்பையை எடுப்பதே நல்லது என்றார்.

கத்திக்கு நான் பயப்படவில்லை. கர்ப்பப்பை இல்லாதவள் கட்டிய மாலையை அம்மன் ஏற்பாளா? அதுதான் என் பயம். வெளியே வந்து அக்காவிடம் கேட்டே விட்டேன்.

அக்கா சிரித்தார். "எனக்கு எடுத்து ஆறு வருஷமாச்சு. நான் கட்டுன மாலயத்தானடி போட்டுக்கிட்டு நிக்கிறா?"

ஆறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நாரைப் பகிர்ந்திருக்கிறோம், எனக்குத் தெரியாது. எங்களோடு பூக் கட்டும் பாக்கியத்துக்கும் சின்னக் கட்டி இருந்ததாம். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றாராம். ஐந்து பேரில் மூன்று பேர்! ஊர்க்கதை அத்தனையும் பேசுவோம், இதைத் தவிர.

ஆபரேஷனுக்கு முன்பு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பூக் கட்டும் இரண்டு பேருடைய வீட்டுக்காரர்கள் வந்து கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நின்று, "முதுகுவலின்னு சொன்னியே, சரோஜா" என்று குழந்தைபோல் அழுதார். அன்றைக்குத்தான் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறிய பிறகு, தை மாதத்து முதல் வெள்ளி. தலைக்கு ஊற்றி, சிவப்புச் சேலை கட்டி, வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனேன். மல்லிகையும் செவ்வந்தியும் கலந்து கட்டினேன். ஐயர் வாங்கிப்போய்ச் சாத்தினார். தீபம் காட்டும்போது அம்மனின் மூக்குத்தி மின்னியது. எனக்குத் தெரிந்த மூக்குத்தி! அம்மா, தீட்டு என்று நான் படுத்திருந்த பாயில் வந்து உட்கார்ந்தாயே, உனக்கு நான் என்ன செய்வேன்?

அன்றிலிருந்து பூக் கட்டும்போது மண்டபத்தில் யார் வரவில்லை என்றும் பார்த்துக்கொள்கிறேன். சகோதரிகளே, அம்மனை நம்புங்கள். உள்ளே வர முடியாவிட்டால் வெளியே நின்றாவது கூப்பிடுங்கள், கட்டாயம் வருவாள். அவள் அனுப்பும் ஆளோடு டாக்டரிடம் போங்கள். இரண்டு வெள்ளி உங்களைக் காணாவிட்டால் நானே வந்து கதவைத் தட்டுவேன். வெட்கமாக இருந்தால் முதுகுவலி என்றே சொல்லுங்கள். நான் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன்.