எழுபது வயதுக்கு இருபது குடல்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன்: சமையல் மாஸ்டர் மேல், தம்பி மேல், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் மேல், விரதம் என்று சொல்லிவிட்டுக் கறிப் பந்தியில் வந்து உட்கார்ந்த என் பள்ளிக்கூட ஆசிரியர்கள் மேல். என்னை அந்த வரிசையில் கடைசியாகத்தான் வைத்திருந்தேன். இப்போது நான்தான் முதலில் நிற்கிறேன்.

அம்மாவுக்கு எழுபது வயது ஆனது. ஆதார் அட்டைப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது. அட்டைக்குப் படம் பிடித்தவர் ஒரு தேதியைப் போட்டார், அதுவே நின்றுவிட்டது. அந்தத் தேதியையும் நாங்கள் ஒருமுறைகூடக் கொண்டாடியதில்லை. எனக்குக் கேசரி கிண்டியிருக்கிறாள், தம்பிக்குப் பாயசம் வைத்திருக்கிறாள், பேரப் பிள்ளைகளின் கேக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு டப்பாவில் ஒட்டிய கிரீமை வழித்துத் தின்றிருக்கிறாள். இந்த ஒருமுறையாவது அவளுக்குப் பிடித்ததைச் செய்து, சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூப்பிட்டு, வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி ராத்திரிச் சாப்பாடு போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்குப் பிடித்தது அவள் இலையில் விழ வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"உனுக்கு இன்னாமா வேணும்?" என்று கேட்டேன்.

"எதுனா பண்ணுங்க. வர்றவங்க வயிறார துண்றா மாதிரி பண்ணுங்க."

மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் இதே பதில். நாலாவது நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்ல ஒரு மனுஷிக்கு இவ்வளவு கஷ்டமா என்று கத்தினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையைப் பார்த்துக்கொண்டே, "கறி எங்கேந்து எடுக்கப் போறீங்க?" என்றாள்.

"அதெல்லாம் மாஸ்டர் பாத்துக்குவாரு."

"தொடையா குடுக்கச் சொல்லு. எலும்பத் தள்ளி உட்ருவானுங்க."

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன். கையில் போன் இருந்தது. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

போனில் இருந்தது தம்பி தொடங்கிய வாட்ஸ்அப் குழு. சாப்பாடு என்ன போடலாம் என்று கேட்பதற்காக அதை ஆரம்பித்தானாம். பதினாறு பேர், பதினாறு நாக்கு. தம்பி வார்டு அளவில் ஒரு கட்சியில் இருக்கிறான். ஆம்பூர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி மட்டன் பிரியாணி வேண்டும், கத்திரிக்காய் தொக்கு வேண்டும், பிரெட் அல்வா வேண்டும், இல்லாவிட்டால் கட்சி ஆட்கள் முன்னால் அவன் தலைகாட்ட முடியாதாம். என் மகளுக்கு கோபி மஞ்சூரியன். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன், காஞ்சிபுரம் வந்துவிட்டு கோயில் இட்லி இல்லாமல் திரும்பினால் ஆபீசில் சிரிப்பார்கள் என்று எழுதினான். பிரியாணியோடு இட்லியை எப்படித் தின்பாய் என்று கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை.

எதிர்வீட்டுத் தறிக்காரர் குடும்பம் தெலுங்கு பேசுகிறவர்கள், சுத்த சைவம். அந்த அம்மா நேரில் வந்து, "அடுப்பு தனியா போட்டுடும்மா, கரண்டி மாறாம பாத்துக்கோ, குடும்பத்தோட வந்துடறோம்" என்றார். கேட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனிப் பந்தி என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது என் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் வருவார்கள் என்று பார்த்துப் பார்த்து நாள் குறித்திருந்தேன். ஆசிரியர் அறையில் அழைத்ததும் ஒரு டீச்சர், "அன்னிக்கு கிருத்திகையாச்சே. காலண்டர் பாக்கலியா நீங்க?" என்றார். ஒருவர் சொன்னதும் நாலு பேருக்கு விரதம் ஞாபகம் வந்தது. நாலு பேர் பதினாலு பேர் ஆனார்கள். குடும்பத்தோடு கணக்குப் போட்டால் நாற்பது இலை சைவத்துக்கு மாறியது. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். கிருத்திகை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எத்தனை மணி வரை என்பதும் பக்கத்திலேயே போட்டிருந்தது, அதை நான் படிக்கவில்லை.

மாஸ்டர் பிள்ளையார்பாளையத்துக்காரர். காதில் பேனா, கக்கத்தில் டைரி. அவரிடம் சைவத்தைக் கூட்டி, மட்டனைப் பன்னிரண்டு கிலோவிலிருந்து எட்டாகக் குறைக்கச் சொன்னேன். பிறகு, இத்தனை நாளும் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"போட்டி வறுவல் ஒண்ணு வெச்சிடுங்க. தாராளமா. இருபது குடல்."

மாஸ்டர் பேனாவை மூடினார். போட்டி என்றால் ஆட்டுக்குடல். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "விசேஷத்துல யாரு டீச்சர் போட்டி போடறது? பாதி பேரு தொட மாட்டாங்க. கழுவறதுக்கும் ஆளு கெடையாது. எங்க பசங்க கழுவினா நரநரங்கும், அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க" என்றார்.

"இது எங்கம்மாவோட அயிட்டம். இது இல்லாம அவங்க பொறந்த நாளே கெடையாது" என்றேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அம்மா பிறந்தது தாமல் பக்கம். நிலம் எங்களுக்குக் கிடையாது. நிலம் இருந்தவர்களை ஆண்டை என்று கூப்பிட்டுக்கொண்டு அவர்கள் வயலில் நாற்று நட்டார்கள். ஆண்டை வீட்டில் கெடா வெட்டினால் குடல் கழுவும் வேலை அம்மாவுக்கு வரும். ஏரிக்கரையில் உட்கார்ந்து கழுவுவாள். கூலியாக அந்தக் குடலில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகு தட்டிப் போட்டு வறுப்பாள். நான் அதைத் தின்று வளர்ந்தேன், அதைப் போல ருசி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஆசிரியர் கூட்டம் ஒன்றில் இதைப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கழித்ததைக் கறியாக்கியவள் என் தாய் என்று சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது குடலும் இரண்டு அன்னக்கூடையில் வந்து இறங்கின. மாஸ்டர் சொன்னபடியே அவருடைய ஆட்கள் பின்வாங்கினார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். "உன் கை படலன்னா அது போட்டியாமா?" என்று கொஞ்சலாகக் கேட்டேன்.

அவள் பழைய புடவை ஒன்றை எடுத்து இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் குழாயடியில் உட்கார்ந்தாள். பேத்தி எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவள் குடலைக் குச்சியில் மாட்டி உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள், சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்து, "பொறந்த நாளும் அதுவுமா அவங்களையா வேலை வாங்கற?" என்று கேட்டார். "அவங்க கழுவினாதாங்க ருசி" என்று நான் கீழேயிருந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா நிமிரவில்லை. "சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் குடுமா" என்று மட்டும் கேட்டாள். முடிக்கும்போது மத்தியானம் ஒரு மணி.

சாயங்காலம் கேக் வெட்டினோம். அம்மா பட்டுப்புடவையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். முதல் பந்தி போட்டதும் தம்பியின் கட்சிக்காரர் ஒருவர், "அம்மாவை நடுவுல உக்கார வெய்யுங்க. அவங்களுக்குத்தானே விருந்து" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம், வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். விருந்தாளி எழுவதற்கு முன் நாம் உட்கார்ந்தால் மரியாதை இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். "வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும், நாம அப்புறம் உக்காரலாம்மா" என்றேன். "ஆமாம்பா, நீங்க துண்ணுங்க" என்று அவளும் அவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

இரண்டாவது பந்தியில் கூத்து ஆரம்பித்தது. சைவம் என்று எழுதிக் கொடுத்த ஆசிரியர்கள் குடும்பத்தோடு படியேறி வந்து, நேராக இந்தப் பக்கம் பிரியாணி இலைகளில் உட்கார்ந்தார்கள். "டீச்சர், உங்களுக்குக் கிருத்திகையாச்சே?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆறு மணியோட முடிஞ்சிடுச்சு டீச்சர். காலண்டர்லயே போட்டிருக்கு" என்றார், மட்டன் வாளி வரும் பக்கம் கழுத்தைத் திருப்பியபடி.

எட்டு கிலோ எங்கே போதும்? இரண்டாவது பந்தி முடிவதற்குள் அண்டாவில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் சைவச் சாம்பார் கேட்க ஆளில்லாமல் கிடந்தது, கோயில் இட்லி இலைச் சுற்றோடு ஆறிப்போனது. போட்டி வறுவலை நானே வாளியில் எடுத்துக்கொண்டு பரிமாறினேன். முக்கால்வாசிப் பேர் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தார்கள். ஒருவர் கொலஸ்ட்ரால் என்றார். ஒரு சின்னப் பெண் மூக்கைப் பொத்தினாள். "இது எங்கம்மா கைப்பக்குவம்" என்று ஒவ்வொரு இலையிலும் சொன்னேன். யார் கேட்டார்கள்? வாளி கனம் குறையவே இல்லை.

கடைசிப் பந்தியில் நாங்கள் எட்டுப் பேர். அம்மாவை நடுவில் உட்கார வைத்து நானே பரிமாறினேன். பிரியாணி அண்டாவைச் சுரண்டினால் வெறும் சோறு வந்தது, ஒரு துண்டு கறிகூட இல்லை. அதனால் என்ன என்று நினைத்தேன். அவளுக்கென்று சொல்லிச் செய்தது வாளி நிறைய இருக்கிறதே. மூன்று கரண்டி போட்டியை அள்ளி அவள் இலையில் குவித்தேன்.

அம்மா இலையைப் பார்த்தாள். "தொடைக்கறி இல்லியா?" என்றாள்.

"தீந்துபோச்சும்மா. ஆனா போட்டி நெறய இருக்குது. உனுக்குப் புடிக்குமேன்னுதான் இருபது குடல் வாங்கினேன்."

"எனுக்குப் புடிக்கும்னு யாருமா சொன்னது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நானாகத்தான் அதைச் சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

"குடுத்தாங்க, துண்ணோம். ஆண்டை வூட்ல கறி வெட்டச்சொல்ல பாத்துக்கினே நிப்பேன். தொட ஒரு தட்டுல போவும், நெஞ்செலும்பு ஒரு தட்டுல போவும். நம்ம மொறத்துல குடல வெப்பாங்க. அப்புறம் உங்கள வளக்கச்சொல்ல, அதானே வெல கம்மி. இன்னிக்கு நம்ம வூட்டு விசேஷம், ஒரு துண்டு தொட வரும்னு நெனச்சேன்." வலது கையை மோந்து பார்த்தாள். "காலைலேந்து கழுவினது. சோப்பு போட்டும் போவல. இதே கையால அதையே எப்டிமா துண்றது?"

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை வாளியில் வீசினேன். தொடையாகக் கொடுக்கச் சொல் என்று கீரை உருவியபடி அவள் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. நாலு நாள் வாயைத் திற, வாயைத் திற என்று கேட்டவள் நான். அவள் திறந்து சொன்னாள், நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறியதை இலையிலிருந்து திருப்பி எடுக்கக் கூடாது என்பார்கள். நான் எடுத்தேன். குனிந்து, மூன்று கரண்டியையும் ஒரு துண்டு விடாமல் என் கையால் வழித்து வாளியில் போட்டேன். அம்மா நகராமல் உட்கார்ந்திருந்தாள், இலையில் எண்ணெய் பட்ட இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டு அம்மாவுக்கு வெச்ச ரசம் இருக்குதா?" என்று கேட்டாள். "அத கொஞ்சம் ஊத்துமா. பசிக்குது."