ஹாரன் அடிக்காத வளைவு

எண்பதுகளில் ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறிய பேருந்தின் ஓட்டுநர் அவர். தடித்த கண்ணாடி, கழுத்தில் ஈரத்துண்டு. வெறும் சாலையில்கூட ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகும் மனிதர், ஏரி வளைவில் மட்டும் வண்டியை நிறுத்திவிடுவார். நடத்துநர் இறங்கி நடந்துபோய், எதிரே வண்டி இல்லையென்று கையசைப்பார்.

“ஹாரன் ரிப்பேருங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இன்னா சார், ஏரி மரத்தப் பாருங்க. கூழைக்கடா அடைகாக்குது. இப்பல்லாம் எங்க சார் கண்ணுல படுது அது? ஆரன் அடிச்சா பயந்து எழுந்து பூடும். காக்கா முட்டைய தூக்கினு பூடும்.”

மறுவருடம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. புது ஓட்டுநர் அந்த வளைவில் ஹாரனுக்குக் கை நீட்டினார். “அடிக்காதீங்க!” என்று பேருந்தே கிசுகிசுத்தது. அவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பதற்குள் சந்தைக்கூடைக்காரி ஒருத்தி இறங்கி, வளைவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.