மேசைமேல் பழுதில்லாத போன்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. 'துல்லியம்' என்று கேட்டால் நேராக அவர் நாற்காலிக்கே கொண்டுபோய் விடுவார்கள். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. ஆடாத மேசையில் தராசை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து வைப்பார். கை பட்டால் அளவு கெட்டுவிடும். தொழிலுக்கு அது நியாயம்தான். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வம்பு.

மின்சாதனம் எது வாங்கினாலும் கடையில் தொட்டுப் பார்க்கமாட்டார். "தொட்டுப் பாத்து வாங்க அது என்ன தக்காளியா?" என்பார். விவரக் குறிப்பை வரிவரியாகப் படித்து, அடுத்த கம்பெனியின் குறிப்போடு மோதவிட்டு, ஜெயித்தது எதுவோ அதைத்தான் வாங்குவார். அப்படி வந்த மிக்ஸிக்கு இருந்த சக்திக்கு, அது ஓடும்போது ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சலவை இயந்திரத்தில் பட்டுக்கு, கம்பளிக்கு, குழந்தைத் துணிக்கு என்று தனித்தனிப் பொத்தான்கள். அவர் மனைவி ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துவாள், அதையும் பயந்து பயந்து. அக்கம்பக்கத்தில் யார் எது வாங்கினாலும் துல்லியத்திடம்தான் யோசனை கேட்பார்கள். வாங்கிய பிறகு அவர் வரும் தெருவில் வரமாட்டார்கள்.

இந்த முறை மனைவிக்குப் போன் வாங்கினார். அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவள். போனின் ஓரமெல்லாம் வளைந்து, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

"சிக்னல் இழுக்கறதுல இதுக்குப் பக்கத்துல வேற எதுவும் நிக்காது."

கையில் வாங்கியவள், "வழுக்குதுங்க," என்றாள்.

"அப்படியெல்லாம் குறிப்புல ஒண்ணும் போடலையே."

மகள் வேறு ஊரில் நர்ஸ். கல்யாணப் பேச்சில் அம்மாவோடு முட்டிக்கொண்டு போனவள், அதன்பின் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். யார் முதலில் இறங்கி வருவது என்பதிலேயே மாதங்கள் ஓடிவிட்டன. அம்மாக்காரி வாய் திறந்து சொல்லாவிட்டாலும், போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் மெஷின் நின்றுவிடும்.

ஒருநாள் மகளே கூப்பிட்டாள். அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் கத்தரி இருக்க, இடது கையால் போனை வாரி எடுத்தாள். லைன் அறுந்துவிட்டது. அடுத்த நாளும் அதே கதை.

"போன்ல ஏதோ கோளாறுங்க. எடுத்தா கட் ஆவுது."

அவர் போனை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தன் போனிலிருந்து கூப்பிட்டு, பச்சைப் பொத்தானை ஒற்றை விரல்நுனியால் தொட்டார். கணீரென்று கேட்டது. திரும்பத் திரும்பச் செய்தும் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"போன்ல கோளாறே இல்ல. அவதான் கூப்பிட்டுட்டு வைக்கிறா."

"அவ எதுக்கு அப்படிச் செய்யணும்?"

"அதை அவகிட்டதான் கேக்கணும். போன்மேல பழி போடாத."

பெற்ற மகளைவிடப் போனை நம்பிய தகப்பனை என்னவென்று சொல்வது? அதைவிடக் கொடுமை, மனைவி அவரை நம்பினாள். மகள் வேண்டுமென்றே சீண்டுகிறாள் என்று மனம் வெந்து, திருப்பிக் கூப்பிடாமலே இருந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அவருடைய போனுக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா, நானா இறங்கி வந்து கூப்பிட்டாலும் அம்மா கட் பண்றாங்க. இப்ப கடைசியா ஒரு தடவை கூப்பிடறேன். இதையும் கட் பண்ணினா இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்.'

படித்து முடிப்பதற்குள் முன்னறையில் மணி அடித்தது. ஓடினார். மனைவி எப்போதும்போல இடது கையால் எடுத்தாள். கட்டைவிரலின் அடிச்சதை போனின் வளைந்த ஓரத்தில் பதிந்தது. சிவப்புப் பொத்தான் இருந்தது அங்கேதான்.

"பாத்தீங்களா, வெச்சுட்டா," என்று கண் கலங்கினாள்.

தான் சோதித்தது மேசைமேல் இருந்த போனை, மனைவியின் கையில் இருக்கும் போனை அல்ல என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் போனில் மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"சொல்லுங்கப்பா. கட் பண்ணிட்டாங்க, பாத்தீங்கல்ல?"

"அம்மா கட் பண்ணலம்மா." வளைவு, பொத்தான், கோணம் என்று ஒரு பெரிய விளக்கம் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "போன் நல்ல போன்தான். வாங்கித் தந்தவன்தான் தேறல. நீதான் வேணும்னே வைக்கறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னதும் நான்தான்."

"அம்மாகிட்ட குடுங்க," என்று அழுகையோடு குரல் வந்தது.

மனைவி கத்தரியைப் போட்டுவிட்டுக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நீ பேசு. நான் பிடிச்சுக்கறேன்."

போனை அவள் காதருகே வைத்துக்கொண்டு, ஆடாமல் நின்றார். அம்மாவும் மகளும் முதலில் அழுதார்கள், பிறகு சண்டை போட்டார்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். கை கடுத்தது. மாற்றிப் பிடிக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.