தீர்த்தப் போத்தலில் கலந்த வேர்

இதை எழுதப் பல வருடங்களாகத் தயங்கினேன். நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த வுப்பர்டால் நகரில் என் கணவர் மாற்று ஈரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. கும்பிட்டுக் கும்பிட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. பான் பல்கலைக்கழகத்தில் படித்த மகள், மருந்துச் செடிகளைப் பற்றி எழுதிய பழைய அமெரிக்க வைத்தியர் ஒருவரின் எழுத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஈரலுக்கு நல்லதென்று அவர் குறித்த ஒரு வேரை அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அம்பாளே சொன்னதாக நான் பிடித்துக்கொண்டேன்.

வேரை வாங்கி அவித்தேன். கசப்பை அவர் தொடமாட்டார், ஆனால் ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தீர்த்தத்தை மறுக்கமாட்டார். அவருக்குத் தெரியாமல் அந்தத் தீர்த்தப் போத்தலிலேயே கலந்து கொடுத்தேன்.

"என்னப்பா, அம்பாள் இந்தமுறை வேப்பெண்ணெயிலயோ குளிச்சவ?" என்று சிரித்தபடி குடித்தார்.

பத்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகி அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில், மருந்தைத் தவிர வேறென்ன குடித்தீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

"கோயில் தீர்த்தம் மட்டும்தான்" என்றார் அவர். நான் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து மகளிடம் சொன்னேன்.

"ஐயோ அம்மா! அந்த வேரைக் குடுத்துத் தன்ர மனுசியையே சாகக் குடுத்தனெண்டு அந்த அமெரிக்க வைத்தியர் பிறகு ஒரு கடிதத்தில எழுதியிருக்கிறார். நான் அதைச் சொல்லேல்லையே!"

உள்ளே ஓடிப்போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிந்திவிட்டது. என் கணவர் வீடு திரும்பவில்லை.

இதை யாருக்காவது சொல்வதென்றால் வேரோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடிதத்தையும் என் பொய்யையும் சேர்த்து, இப்படியே சொல்லுங்கள்.