கழுவிய காராமணி

நுண்ணுயிர் பூசிய விதையை நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, ஒரு நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். இதுதான் விதி. பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருந்தது. உலர்ந்த விதையைக் கழுவக் கூடாது என்று அதில் இல்லை. விதியை எழுதியவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது.

மயிலாப்பூர் வீட்டில் பழைய கிணற்றை மூடி மணல் கொட்டியதில், கொல்லையில் நாலு பாத்திக்கு இடம் கிடைத்தது. உரமே போடாமல் அதில் காராமணி விளைவிப்பது என்று அப்பா தீர்மானித்தார். விதையில் பூசிய ரைசோபியம் என்ற நுண்ணுயிர் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தார்.

பொட்டலம் வாங்க என்னையும் அழைத்துப் போனார். விவசாயக் கிடங்கின் தற்காலிக ஊழியர், ஈரச் சாக்கு சுற்றிய பானைக்குள் கைவிட்டு அதை எடுத்தார்.

"இதுல உசுரு கீது சார். வெயில் காட்டாதீங்க."

தன்னை விரைவில் நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஆனதும் வடபழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறிய கஞ்சியில் பொட்டலத்திலிருந்த கறுப்புப் பொடியைக் குழைத்து அப்பா விதையில் பூசினார். கூடத்தில் செய்தித்தாள் விரித்துப் பரப்பிவிட்டு, காப்பிப்பொடி அரைக்கப் போனார். குளித்துவிட்டு வந்த அம்மா அதைப் பார்த்தார்.

"என்னடி இது, கரியாட்டம்?"

கிருமி பூசியிருக்கிறது என்றேன். அது சரியான பதில்தான்.

கடையிலிருந்து வரும் உப்புப் பையையே கழுவி உள்ளே எடுப்பவர் அம்மா. ஆத்துக்குள்ளேயே கிருமியைக் கொண்டுவந்து பரப்பியிருக்காரே என்று புலம்பிக்கொண்டு, மூன்று தண்ணீர் விட்டு அலசினார். மொட்டை மாடியில் வடாமுக்குப் பக்கத்தில் காயவைத்தார். அப்பா திரும்புவதற்குள் விதை பழைய தாளுக்கே வந்துவிட்டது.

"அப்பாட்ட வத்தி வெக்காதே."

கறுப்பு முழுவதையும் விதை உறிஞ்சிக்கொண்டுவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே திருப்தி.

விதைத்த நாற்பதாம் நாள் வெளுத்துப்போன ஒரு செடியைப் பிடுங்கி, வேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு முடிச்சுகூட இல்லை. பொட்டலத்தில் இருந்தவை முன்பே செத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வேளாண்மைத் துறைக்கு மனு தயாரானது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் நகல் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. "கிடங்கு ஊழியரின் கவனக்குறைவு" என்ற தொடருக்கு அடிக்கோல் வைத்து இரண்டு முறை கோடு போட்டேன். வேரும் இணைப்பாகப் போயிற்று.

சில வாரம் கழித்து ஒரு மாலையில் அந்த ஊழியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்திருந்தது.

"பானையில வெச்சுதான் சார் குடுத்தேன். இதால வேலயே போய்டும் சார். பாப்பா, நீ பாத்துக்கினுதானே இருந்தே, சொல்லும்மா."

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. பானையில்தான் இருந்தது என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது, பின்னாளில் அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த பழக்கம். சின்னக் குழந்தை வாய்மொழியாகச் சொல்வது செல்லாது, உங்கள் தரப்பை எழுத்தில் கொடுங்கள் என்றார் அப்பா, மரியாதையாகவே. ஊழியர் மோரைக் குடித்து, டம்ளரைத் தானே குழாயில் அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அதன்பின் மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினோம். மூன்றும் என் கையெழுத்து. கடைசியில் வந்த பதிலில், சம்பந்தப்பட்ட தற்காலிக ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று தட்டச்சு செய்திருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போனார். அன்று இரவு சாப்பிடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஜெயித்தது நாம்தானே என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒரே குறை, தாமதம்தான். உறையின் மேல் அவரே பென்சிலால் குறித்துவைத்தார்: வரப்பெற்றது, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள்.