நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்று

திருமுருகன்பூண்டி ரோட்டில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கும் நேரம். பனியன் துணி ஏற்றிய டெம்போக்கள் என்னைத் தாண்டிப் போயின. ராயபுரம் பட்டறையை விட்டுக் கிளம்பியபோது யாரும் தடுக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வேலையாள் போவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

எண்பதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராக அலைந்த நான் அந்தப் பட்டறையில்தான் அதிகக் காலம் தங்கினேன். பட்டறைக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன்; அவர் வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. கணவனை இழந்து திரும்பி வந்திருந்த அவருடைய தங்கையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றுவோம். நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் எரியும் சின்ன விளக்குக்கு லைன் கரண்ட் ஆகாது. இருபத்து நாலு வோல்ட்டாகக் குறைத்துத் தர வேண்டும். ஒரே இரும்பில் இரண்டு சுருள்கள், ஒன்றின் கம்பி மற்றதைத் தொடாது. முதல் சுருளில் மின்சாரம் திசை மாறிக்கொண்டே இருப்பதால் இரும்பில் காந்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாவதிலும் மின்சாரம் பிறக்கும். அங்கே எவ்வளவு சுற்று குறைவோ, அவ்வளவு வோல்டேஜ் குறைவு. பேட்டரியைக் கொடுத்தால் திசை மாறாது, அந்தப் பக்கம் ஒன்றும் வராது. எல்லாம் சுற்றின் கணக்குதான்.

அதனால் சுற்றுகிறவரிடம் யாரும் பேசக்கூடாது. மீறிப் பேசினால், கை எந்தச் சுற்றில் இருக்கிறதோ அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வோம். பொறு என்று அர்த்தம்.

"ஏனுங்க, இதென்ன பட்டறையா, மௌன விரதமுங்களா?" என்று நல்லூர் மிஷின்காரர் ஒருவர் கேட்டார்.

"நூத்தி முப்பது" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"வெலை கேக்கலீங்க தாயி!"

அன்று அவள் சிரித்ததில் எண்ணிக்கை தவறி, முழுச் சுருளையும் பிரித்தாள். நாள் முழுக்க எதிரே இருந்தும் நாங்கள் பேசியது கொஞ்சம்தான். எனக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன்.

நான் கிளம்பிய அன்று மதியம், அண்ணன் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் வந்து இறங்கினார்கள். அண்ணன் அழைத்துவர ஓடினார். அவள் என் முன்னால் வந்து நின்றாள். "அவுங்க வந்துட்டாங்க. நான் பதில் சொல்லோணும். நீங்க இங்கயே இருந்துக்குவீங்களா?"

"நானூத்திப் பன்னண்டு" என்றது என் வாய்.

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. சற்று நேரம் நின்றாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். கை நின்றபோது சுருள் முடிந்திருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "தங்கச்சி சரின்னுட்டாப்பா" என்றார். சந்தோஷம்ண்ணா என்றேன். சுருளை இரும்பில் பூட்டி லைன் கொடுத்துப் பார்த்தேன். மீட்டர் முள் சரியாக இருபத்து நாலில் நின்றது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பையை எடுத்தேன்.

இரவு பஸ் ஸ்டாப்பில் படுத்தேன். காலையில் பூண்டியில் ஒரு சிற்பப் பட்டறை முன்னால் நின்றேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி சொமக்கோணும், கல்லுப் பொரட்டோணும். இருப்பியா, இல்ல..."

"இருக்கேனுங்க."

"அட, கேட்டு முடிக்க உடப்பா" என்று சிரித்தபடி வாளியைக் காட்டினார்.